முறமும் சிறகும்

வானிற் பறத்தல் வேண்டுமென்னும் வேட்கை மாந்தர்க்கு நேற்றுத் தோன்றியதன்று. சச்சந்த மன்னன் தன் தேவி விசயை ஏறிச் செல்லுதற்கென மயிற்பொறி ஒன்று செய்வித்தான் என்றும், அதன் பொறியை வலமாகத் திருக மேலெழும், இடமாகத் திருகக் கீழிறங்கும் என்றும் சீவக சிந்தாமணியில் திருத்தக்கதேவர் கூறியிருத்தலை, இக்கல்லூரியிற் பயின்ற நாளில் எம் தமிழாசிரியர் சுவைபடச் சொல்லக் கேட்டிருக்கின்றோம். பகைவனது வெற்றிமுரசு கேட்டுத் தேவி மூர்ச்சித்தாள். அப்போதும் அப்பொறி அவளைக் கீழே எறிந்துவிடாமல் சுடுகாட்டில் மெல்லக் காலூன்றி இறக்கிற்று. ஊர்ந்தவர் அறிவிழந்தவிடத்தும் உயிர்காத்த பொறி அது. இக்காலத்துச் சிறு விமானமோ அத்துணை அருளுடையதன்று. ஊர்பவர் அறிவு இமைப்பொழுது தடுமாறினும் அது கைவிட்டுவிடும். அங்ஙனம் அது எம்மைக் கைவிட இருந்த ஒரு மாலைப்பொழுதையும், அதன்பின் யாம் அவ்விமானத்திற் பூட்டிய ஒரு சிறு கருவியையும் பற்றி மாணவ நண்பர்களுக்குச் சில கூற விழைகின்றோம். இதில் எமக்குப் பெருமை தருவது ஒன்றுமில்லை. எம் பிழையே இக்கட்டுரையின் பொருள்.

நம் நாட்டில் தமக்கென விமானம் வைத்திருப்போர் மிகச் சிலரே. எனினும் தமிழ்நாட்டிற்கு இக்கலை பழைமையானதே. 1910-ஆம் ஆண்டிலேயே, சென்னையில் உணவுவிடுதி நடத்திய தாஞ்சலிஸ் என்னும் கார்சிகா தீவினர், சிம்சன் கம்பெனியார் துணையுடன் விமானம் ஒன்றைக் கட்டுவித்துப் பல்லாவரத்திற் பறந்து காட்டினார். 1993-ஆம் ஆண்டில் பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வுக்கூடத்தார் தாம் வகுத்த ஹன்ஸா என்னும் இரண்டிருக்கை விமானத்தை முதன்முதற் பறக்கவிட்டனர். யாம் பறக்கக் கற்றது நடுவயதில். இக்கல்லூரியில் எமக்கு மூன்றாண்டு பின்னாகப் பயின்ற நண்பர் ஒருவரும் எம்முடன் கற்றார். இருவரும் பல்லாண்டு சேர்த்த பொருளைக் கொண்டு பழைய இரண்டிருக்கை விமானம் ஒன்றை வாங்கினோம். அவர் எம்மை 'அண்ணா' என்பார். யாம் அவரைத் 'தம்பி' என்போம். விமானத்தில் அமர்ந்தபின் மட்டும் மூத்தவர் இளையவர் என்னும் வேறுபாடு கூடாதென முதல் நாளே உறுதி செய்துகொண்டோம். அவ்வுறுதியே பின்னர் எம் உயிரைக் காத்தது.

ஜவ்வாது மலையை நம் மாணவருட் பலர் உல்லாசப் பயணமாகச் சென்று கண்டிருப்பர். திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களிற் பரந்து கிடக்கும் அம்மலை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறு. செய்யாறு பிறக்குமிடம் அது. சாமையும் சந்தன மரமும் அதற்குப் பேர் தந்தன. வானிலிருந்து நோக்குவார்க்கு முதலிற் புலப்படுவது காவலூர் வான்காணகத்தின் வெண்மாடமே. வைணு பாப்பு என்னும் வானூல் அறிஞர் தேர்ந்த அவ்விடத்தில், 2.34 மீட்டர் குறுக்களவுள்ள கண்ணாடியுடைய தொலைநோக்கி 1986-ஆம் ஆண்டு திறந்துவைக்கப்பட்டு, இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. அம்மாடத்தை இடப்புறம் காணுந்தோறும் ஊர் அணுகிவிட்டோம் என்னும் மகிழ்ச்சி எமக்கு உண்டாகும்.

ஆவணித் திங்களில் ஒரு நாள் மாலை அவ்வாறே மகிழ்ந்து வந்தோம். யாம் இறங்கவேண்டிய சிறு ஓடுதளம் மலைக்குக் கிழக்கே சமவெளியில், தென்வடலாகக் கிடந்தது. மேல்காற்று மலையைத் தாண்டி வீசிக்கொண்டிருந்தது. மலையேறி மறுபுறம் இறங்கும் காற்று, பாறையைக் கடந்த ஆற்றுநீர் போலக் கீழ்நோக்கியும் சுழன்றும் ஓடும். அதனை யாம் நூலில் அறிந்திருந்தோம். அன்று மெய்யில் அறிந்தோம்.

பிடிகோல் எம் கையில் இருந்தது. ஓடுதளத்திற்கும் மலைக்கும் இடையே தெற்கு நோக்கிச் சென்று, இடப்புறம் திரும்பிக் கிழக்கு நோக்கி, மீண்டும் இடப்புறம் திரும்பி வடக்கு நோக்கி இறங்கவேண்டும். கிழக்கு நோக்கிச் செல்கையிற் காற்று முதுகிலிருந்து தள்ளியது. ஆதலின், யாம் திரும்பத் தொடங்குமுன்னரே ஓடுதளத்தின் நேர்க்கோட்டைத் தாண்டிவிட்டோம். அந்நிலையிற் செய்யத்தக்கது ஒன்றே: அம்முயற்சியைக் கைவிட்டு, மேலெழும்பி, மறுபடி சுற்றிவருதல். யாமோ, கீழே ஓடுதளத்தருகே எமக்காகக் காத்து நின்ற இருவரைக் கண்டோம். அவர் எதிரே தடுமாறினோம் என்னும் பெயர் வேண்டாவென எண்ணினோம். விமானத்தை மேலும் சாய்த்தோம், கோலைப் பின்னிழுத்தோம், மூக்கு விரைந்து திரும்பட்டுமெனச் சுக்கானையும் காலால் அழுத்தினோம். தரை 400 அடி கீழே இருந்தது.

வேகமானியை நோக்கினோம். முள் 55 நாட்டில் நின்றது. எம் விமானம் நேராகச் செல்லுங்கால் 45 நாட்டிற்குக் குறைந்தாலன்றி வானிற் பிடிப்பிழக்காது என்பது எமக்கு மனப்பாடம். பத்து நாட் மிகுதியாக இருக்கின்றதே என அமைந்தோம். அப்போது எச்சரிக்கைக் குழல் ஒலித்தது. ஒவ்வொரு முறை தரையைத் தொடும்போதும் அது ஒலிப்பது வழக்கம். கோயில்மணி அருகே குடியிருப்பவர்க்கு மணியோசை கேளாததுபோல, எம் செவிக்கு அது கேளாததாயிற்று. இடச்சிறகு நடுங்கியது.

"அண்ணா, மூக்கை இறக்குங்கள்!" என்று நண்பர் கூவினார். கூவியதோடு நில்லாமல் தம் முன்னிருந்த கோலை முன்னே தள்ளினார். யாம் எம் கையைத் தளர்த்தினோம். சிறகு நிமிர்ந்தது. யந்திரத்திற்கு முழு விசை கொடுத்து, ஓடுதளத்தைக் கடந்து, மேலெழும்பினோம். மறுமுறை சுற்றி வந்து இறங்கினோம். காத்து நின்ற இருவரும் ஏதும் அறியாராய்க் கைகூப்பினர். எமக்கோ கால்கள் நெடுநேரம் நிலைகொள்ளவில்லை. நண்பர் அன்றிரவு முழுதும் அதைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அம்மௌனம் எமக்கு வசையினும் கொடியதாயிருந்தது.

மறுநாள் காலை ஜமுனாமரத்தூருக்கு அப்பால் ஒரு சிற்றூரிலுள்ள அன்பர் இல்லத்திற்குச் சென்றோம். முற்பட விதைத்த சாமை அறுவடையாகிக் களத்திற் கிடந்தது. ஒரு முதியவளும் அவள் பேத்தியும் காற்றிலே தூற்றிக்கொண்டிருந்தனர். யாம் திண்ணையில் அமர்ந்து பார்த்திருந்தோம். காற்று ஒருமுறை வலித்து அடித்தது. பேத்தியின் முறம் காற்றை ஏற்று நிமிர்ந்து, கையைத் திருகிக்கொண்டு, தானியத்தைக் கொட்டிவிட்டது. முதியவளோ முறத்தின் முன்விளிம்பை ஒரு விரற்கடை தாழ்த்தினாள், முறம் அமைதியாயிற்று. "பாட்டி, காற்று வலிக்கப்போவதை முன்னரே எப்படி அறிந்தீர்கள்?" என்று கேட்டோம். "காத்தை யார் தம்பி கண்டது? முறம் கையிலே எப்படி நிக்குதுன்னு பாத்துக்கிட்டா போதாதா?" என்றாள் அவள்.

நண்பர் எம்மை நோக்கினார். யாம் தலைகவிழ்ந்தோம். முந்திய மாலை யாம் செய்த பிழை முழுதும் அவ்வொரு சொல்லில் அடங்கிவிட்டது. யாம் காற்றின் வேகத்தை நோக்கினோம். சிறகு காற்றில் எவ்வாறு நிற்கின்றது என நோக்கவில்லை.

இதனைச் சிறிது விளக்குதல் வேண்டும். விமானத்தின் சிறகு, எதிர்வரும் காற்றிற்குச் சற்றே சாய்ந்து நிற்றலால் தூக்குவிசை உண்டாகின்றது. சிறகின் குறுக்குக்கோட்டிற்கும் எதிர்வரும் காற்றின் திசைக்கும் இடையேயுள்ள சாய்வைத் 'தாக்குகோணம்' என்பர். கோணம் மிக மிகத் தூக்குவிசையும் மிகும். ஆயின் அதற்கு ஓர் எல்லை உண்டு. சாதாரணச் சிறகுகளுக்கு ஏறத்தாழ 15 அல்லது 16 பாகை அவ்வெல்லை. அதனைக் கடந்தால், சிறகின் மேற்புறத்தை ஒட்டி வழுவழுவென ஓடிய காற்று பிரிந்து சுழலும், தூக்குவிசை திடுமெனக் குறையும், விமானம் அமிழும். விமானிகள் இதனை 'ஸ்டால்' என்பர். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் பழமொழிக்கு இதனிற் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

இங்கே கருதத்தக்கது யாதெனின், ஸ்டால் நிகழ்வது குறித்த கோணத்திலேயன்றிக் குறித்த வேகத்தில் அன்று. நேராகச் செல்லும்போது 45 நாட்டில் பிடிப்பிழக்கும் விமானம், உயரம் குறையாமல் 30 பாகை சாய்ந்து திரும்பும்போது 48 நாட்டிலேயே பிடிப்பிழக்கும். 45 பாகை சாய்ந்தால் ஏறத்தாழ 54. 60 பாகை சாய்ந்தால் ஏறத்தாழ 64. சாய்ந்து திரும்பும் விமானத்தின் சிறகு, அதன் எடையை மட்டுமன்றித் திருப்பத்தின் சுமையையும் தாங்க வேண்டியிருத்தலே இதற்குக் காரணம். 60 பாகையில் அச்சுமை எடையின் இருமடங்காகும். இனி, அன்று எம் முள் காட்டிய 55-ஐயும் இக்கணக்கையும் ஒப்பிடுக. பத்து நாட் மிகுதி என யாம் அமைந்திருந்த இடத்தில் உண்மையில் ஒரு நாட்டளவும் மிகுதியில்லை. சுக்கானையும் அழுத்தியிருந்தமையால் ஒரு சிறகு மற்றதற்கு முன் பிடிப்பிழக்க, விமானம் பம்பரம் போற் சுழன்று வீழ்ந்திருக்கும். 400 அடி உயரத்தில் அவ்வீழ்ச்சியிலிருந்து மீளுதற்கு இடமில்லை.

இவ்வுண்மை புதியதன்று. பறத்தற்கலையின் முன்னோடியாகிய ஓட்டோ லிலியந்தால் என்னும் செர்மானியர் 1896-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தம் மிதவைச் சிறகு நடுவானிற் பிடிப்பிழக்க வீழ்ந்து மறுநாள் உயிர்நீத்தார். ரைட் சகோதரர் தம் விமானத்தில் நூல் ஒன்றைக் கட்டி, காற்று எப்பக்கமிருந்து வருகின்றதென அறிந்துகொண்டனர். 2009-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் அட்லாண்டிக் பெருங்கடலில் ஏர் பிரான்சு விமானம் வீழ்ந்து 228 பேர் மாண்டனர். வேகமறியும் குழாய்களிற் பனிக்கட்டி அடைத்தமையால் வேகமானிகள் பொய்யுரைக்க, ஓட்டியவர் மூக்கை உயர்த்தியே வைத்திருந்தனர். அவ்விபத்தை ஆராய்ந்த பிரெஞ்சு ஆய்வாளர், தாக்குகோணத்தை விமானி நேரே காணத்தக்க கருவி அமைத்தல் தகுமா என ஆராயவேண்டுமெனப் பரிந்துரைத்தனர். அமெரிக்க விமான ஆட்சித்துறையார் 2014-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் இத்தகைய கருவிகளைச் சிறு விமானங்களிற் பூட்டுதற்குரிய அனுமதி முறையை எளிதாக்கினர். ஆயின், அக்கருவி ஏற்கெனவே உள்ளவற்றிற்குத் துணையாக இருக்கலாமேயன்றி அவற்றிற்கு மாற்றாகாது என்பதும், மற்றக் கருவிகளின் காற்றுக்குழாய்களோடு அதனை இணைத்தல் கூடாதென்பதும் அவர் விதித்த வரையறைகள்.

ஊர் திரும்பியதும் யாம் நண்பரிடம், "தம்பி, தாக்குகோணங்காட்டி ஒன்றை வாங்குவோம்" என்றோம். அவர் உடனே இசைந்திலர். "அண்ணா, குழல் ஊதியபோது கேளாத காது, விளக்கு எரியும்போது காணும் கண்ணாகுமா? பிழை கருவியில் இல்லை, பழக்கத்தில் இருக்கிறது. இன்னொரு விளக்கைக் கூட்டினால் வெளியே நோக்கவேண்டிய கண் உள்ளேயே தங்கிவிடும்" என்றார். அவர் கூற்று முற்றும் பொய்யன்று. எச்சரிக்கைக் குழல் 'அணுகிவிட்டாய்' என ஒரே ஒரு சொல் சொல்வது. அதுவும் விளிம்பில் நிற்கும்போது. கோணங்காட்டியோ, விளிம்பு இன்னும் எத்துணைத் தொலைவில் உள்ளதென இடைவிடாது காட்டுவது. முன்னது வாயிலில் நின்று கூவும் காவலன். பின்னது வழிநெடுக உடன்வரும் தோழன். இவ்வேறுபாட்டை யாம் எடுத்துரைத்தோம். நெடிய வாதத்தின் பின் அவர் ஒரு நிபந்தனையுடன் இசைந்தார்: கருவி பூட்டுமுன் இருவரும் ஆசிரியர் ஒருவரிடம் மீண்டும் மாணவராய் அமர்ந்து, ஸ்டாலையும் அதிலிருந்து மீளுதலையும் புதிதாகப் பயிலவேண்டும். அவ்வாறே பயின்றோம். நரைத்த தலையுடன் பாடங்கேட்டல் முதலில் நாணமாயிருந்தது; பின்னர் நன்றாயிருந்தது.

அடுத்து, எதனை வாங்குவது என்னும் கேள்வி எழுந்தது. இக்கருவிகள் பெரும்பாலும் மூவகைப்படும். முதலாவது, கோழிக்கொடி போற் காற்றில் திரும்பும் சிறு தகட்டையுடையது. காற்றின் திசையை அது நேரே காட்டும்; ஆயின் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், விமானத்தைக் கழுவுவோர் கையும் கொட்டகையில் தள்ளுவோர் தோளும் பட்டு வளைய இடமுண்டு. இரண்டாவது, இரு துளைகளையுடைய குழல். ஒரு துளை முன்னோக்கியும் மற்றது கீழ்நோக்கிச் சாய்ந்தும் இருக்கும். கோணம் மாற மாற இரு துளைகளிலும் காற்றழுத்தம் வேறுபடும். அவ்வேறுபாட்டைக் கொண்டு கருவி கோணத்தைக் கணிக்கும். அசையும் உறுப்பு ஒன்றுமில்லாமை அதன் நன்மை. அடைபடும் துளைகள் அதன் குறை. மூன்றாவது வகை, வெளியே ஒன்றும் நீட்டாமல், விமானத்தின் வேகம் சாய்வு முதலியவற்றைக் கொண்டு கோணத்தை ஊகித்துரைப்பது. இவற்றிற்கெல்லாம் மூத்த நான்காவது ஒன்றும் உண்டு: மிதவை விமானத்தார் பக்கக் கண்ணாடியில் ஒட்டும் ஒரு சாண் கம்பளிநூல். விலை இல்லை, மின்சாரம் வேண்டா, பழுதும் இல்லை.

எம் விமானத்தின் பக்கக் கண்ணாடி உந்தியின் காற்றுச்சுழலில் நனைவதால் நூல் எமக்குப் பயன்படாது. ஊகக்கருவி, தான் ஊகித்தற்கு வேகமானியின் காற்றையே நம்பியிருத்தலின், வேகமானி பொய்யுரைக்கும் நாளில் உடன் பொய்யுரைக்குமே என அஞ்சினோம். எம் கொட்டகையில் ஐந்து விமானங்கள் நெருங்கி நிற்பதால் தகட்டையும் விலக்கினோம். இருதுளைக் குழலையே தேர்ந்தோம். காட்டும் முகத்திலும் பலவகை உண்டு. எண்களைக் காட்டுவதை விடுத்து, பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று நிறங்களாற் காட்டுவதும் உடன் ஒலிப்பதுமாகிய ஒன்றைக் கொண்டோம். இறங்கும் நேரத்தில் எண்ணை வாசித்துப் பொருள்கொள்ள மனத்திற்குப் பொழுதில்லை. நிறமோ வாசிக்காமலே விளங்கும். நண்பரது அச்சம் தீர, அதனைக் கருவிப்பலகையின் உச்சியில், முன்கண்ணாடி வழியே ஓடுதளத்தை நோக்கும் பார்வையின் விளிம்பிலேயே படுமாறு வைத்தோம்.

நம் நாட்டிற் பதிவுபெற்ற விமானத்தில் ஓர் ஆணியையும் நம் விருப்பம்போல் அடித்தல் கூடாது. விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் விதிப்படி ஒப்புதல் பெற்று, உரிமம் பெற்ற பொறியாளர் கையாலேயே பூட்டப்படவேண்டும். கடிதங்களுக்கும் படங்களுக்கும் விடைக்குமாகப் பல மாதங்கள் சென்றன. யாம் பொறுமையிழந்து பேசியபோது, எம் விமானத்தைப் பேணும் முதிய பொறியாளர், "ஐயா, பறக்கும் பொருளுக்குத் தாள்தான் முதற் சிறகு" என்றார். சிறகின் அடிப்புறத்தில், உள்ளே சோதித்தற்கென முன்னரே அமைந்த ஒரு மூடிதகட்டைக் கழற்றி, அதற்கீடான புதுத் தகட்டில் குழலை ஊன்றினார். அதனாற் சிறகின் எலும்பு ஒன்றிலும் துளையிட வேண்டாதாயிற்று. உந்தியின் காற்றுப் படாத தொலைவாகவும், தூய காற்று வருமிடமாகவும் அது இருந்தது. இரண்டு மெல்லிய குழாய்கள் சிறகின் உள்ளே ஓடிக் கருவியை அடைந்தன.

வேலை முடிந்த அன்றே பறக்க விரும்பினோம். பொறியாளர் இடங்கொடுக்கவில்லை. துளையை அடைத்து, குழாயிற் சிறிது காற்றை அழுத்தி, அது தங்குகின்றதா எனப் பார்த்தார், தங்கவில்லை. யாம் உதவி செய்கின்றோம் எனச் சொல்லி எம் கையாலே செருகிய ஓர் இணைப்பு நன்கு இறுகாமல் இருந்தது. அதனோடு பறந்திருந்தால், எல்லையை அணுகும்போதும் கருவி பச்சையே காட்டியிருக்கக்கூடும். வழிகாட்டி இல்லாத காட்டிலும் பொய்வழிகாட்டி உள்ள காடு கொடியது. 2018-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் இந்தோனேசியக் கடலில் வீழ்ந்த லயன் ஏர் விமானத்தில் 189 பேர் மாண்டனர். அதிற் பூட்டியிருந்த கோணத்தகடு ஒன்று பழுதுபார்க்கப்பட்டபோது ஏறத்தாழ 21 பாகை பிழைபட அமைக்கப்பட்டிருந்தது. அவ்வொரு தகட்டின் பொய்யை நம்பி, விமானத்தின் தானியங்கி அமைப்பு மூக்கை மீண்டும் மீண்டும் கீழே தள்ளியது. ஐந்து மாதத்திற்குள், 2019 மார்ச்சு 10-ஆம் நாள், அதே வகையைச் சேர்ந்த எத்தியோப்பிய விமானமும் தவறான கோணக் கணக்கால் வீழ்ந்து 157 உயிர்கள் அழிந்தன. எம் கருவி பிடிகோலைத் தொடாது. கண்ணுக்கும் செவிக்கும் சொல்வதோடு நின்றுவிடும். ஆயினும் அதனைச் சரிபார்க்கும் கடமை பெரிய விமானத்தார்க்கு உள்ளதுபோலவே எமக்கும் உண்டு என்பதை அவ்விணைப்பு உணர்த்திற்று.

பின்னர் ஒரு காற்றில்லாக் காலையில், மலையை விட்டு விலகிச் சமவெளிக்கு மேல் 5,000 அடி உயரத்தில், ஆசிரியரை உடன்கொண்டு கருவிக்கு அளவு கற்பித்தோம். வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, சிறகு பிடிப்பிழக்கும் நிலையைச் சிவப்பின் முடிவாகவும், இறங்குதற்கேற்ற நிலையை அதற்குரிய குறியாகவும் பதித்தோம். பிளாப்புகளை இறக்கியும் ஏற்றியும் பலமுறை ஒப்பிட்டோம். இறுதியாக ஆசிரியர் எம்மை 45 பாகை சாய்ந்து திரும்பச் சொன்னார். வேகமானி 60 நாட்டில் அசையாது நிற்க, யாம் கோலை இழுக்க இழுக்க, பச்சை மஞ்சளாயிற்று. மஞ்சள் சிவப்பை நோக்கி நடந்தது. வேகமானியின் முள்ளோ எல்லாம் நலமே என்றது. அன்று மாலை எம் கண்ணுக்குப் புலப்படாதிருந்தது இப்போது நிறமாய் நின்றது. யாம் ஒன்றும் பேசவில்லை, உடல் வியர்த்தது.

அடுத்த ஆண்டு ஆவணியில் அதே ஓடுதளத்திற்கு அதே மேல்காற்றில் வந்தோம். வரும்முன் குழலின் உறையைக் கழற்றித் துளைகளை உற்றுநோக்கியிருந்தோம். நம் நாட்டுக் குளவிக்கு இரண்டு நாள் இடங்கொடுத்தாற் போதும்; எத்துணை நுண்ணிய குழாயிலும் மண்வீடு கட்டிவிடும். அன்றும் காற்று எம்மைக் கோட்டைத் தாண்டித் தள்ளிற்று. கை தன் பழைய வழக்கப்படி கோலைப் பின்னிழுக்க முனைந்தது. மஞ்சள் விளக்கு எரிந்தது. செவியில் ஒலி எழுந்தது. நண்பர் ஒன்றும் சொல்லவில்லை, எம்மைப் பார்த்தார். யாம் சிறகை நிமிர்த்தி, விசை கொடுத்து, மேலெழும்பிச் சுற்றிவந்து இறங்கினோம். கீழே நின்ற ஒருவர், "முதல் முறை ஏன் இறங்கவில்லை?" என்று கேட்டார். "சரியாக வரவில்லை" என்றோம். அவ்வளவே. எவரும் எம்மைப் பாராட்டவில்லை. பாராட்டும்படியாக ஒன்றும் நிகழவுமில்லை. நிகழாமையே அன்றைய நன்மை.

நண்பர் மட்டும் கொட்டகையில் சக்கரத்திற்குக் கட்டை வைத்துக்கொண்டே, "அண்ணா, விளக்கைக் கண்டு திரும்பினீர்களா, அல்லது பாட்டியின் முறம் நினைவுக்கு வந்ததா?" என்றார். உண்மையைக் கூறுவதாயின், விளக்கு எரிவதற்குச் சிறிது முன்னரே எம் உள்ளங்கையிற் கோல் கனப்பதை யாம் உணர்ந்திருந்தோம். விளக்கு அதற்குச் சான்று பகர்ந்தது. நல்ல கருவி, நாளடைவில், தான் இல்லாமலே அறியக் கற்பிக்கும் போலும். ஆயினும் அதனைக் கழற்றிவிட எமக்குத் துணிவில்லை, வேண்டியதும் இல்லை.

மாணவ நண்பர்களே, உங்களுட் பலர் விமானம் ஓட்டப்போவதில்லை. எனினும் வேகமானியை மட்டும் நோக்கி அமைந்துவிடும் பழக்கம் விமானிகட்கே உரியதன்று. பெற்ற மதிப்பெண்ணையும், ஈட்டிய பொருளையும், பிறர் நம்மைக் காணும் பார்வையையும் முள்ளாகக் கொண்டு, 'பத்து மிகுதியாக உள்ளதே' என யாம் அமைந்திருந்த நாட்கள் பல. அன்று ஓடுதளத்தருகே நின்ற இருவர்க்கு அஞ்சியே யாம் உயிரைப் பணயம் வைத்தோம். அவர்களோ எம்மைப் பார்த்துக்கொண்டும் இருக்கவில்லையெனப் பின்னர் அறிந்தோம். திரும்பிச் சென்று மீண்டும் முயல்வதில் இழுக்கில்லை என்பதே யாம் 400 அடி உயரத்திற் கற்ற பாடம். அதனைத் தரையிலேயே நீங்கள் கற்றுக்கொள்ளுமாறு எம் இறைவன் அருள்வானாக.